முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல்: மரண தண்டனை பற்றிய சில எழுத்துகள்

1

மரண தண்டனை பற்றி நான் படித்தவற்றில் என்னை இன்றும் விடாமல் தொந்தரவு செய்வது ஒரு மனிதன் வாந்தியெடுத்த செய்தி. 1914 யுத்தத்துக்குச் சற்று முன் அல்ஜியர்ஸில் ஒரு கொலைகாரனுக்குச் சிரச்சேதம் விதிக்கப்பட்டது. ஆல்பெர் காம்யுவின் தகப்பனார் அதைப் பார்ப்பதற்காக இருட்டோடு எழுந்து ஊரின் மறுகோடிக்குப் போனார். திரும்பி வந்தவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்தார். பிறகு வாந்தியெடுத்தார். 1914 அக்டோபரில், யுத்தத்தில் பட்ட காயத்தால் அவர் இறந்தார். மகனுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. தகப்பனைப் பற்றி மகனுக்குத் தெரியவந்த மிகச் சில விஷயங்களில் இது ஒன்று.

காம்யு இதை மூன்று தடவை எழுதியிருக்கிறார். 1942-ல் 'அந்நிய'னில், 1957-ல் கில்லட்டின் பற்றிய நீண்ட கட்டுரையில், கடைசியாக, 1960-ல் கார் விபத்தில் அவர் இறந்தபோது கையெழுத்துப் பிரதியாகக் கிடந்து 1994-ல் அச்சேறிய 'முதல் மனித'னில். ஒரே சம்பவம்தான். ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவன் ஒரு படைப்பாளியின் பார்வை பதினெட்டு வருஷங்களில் எப்படி நகர்ந்திருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள முடியும்.

'அந்நிய'னில் மெர்ஸோ சிறையில் உட்கார்ந்து இதை நினைத்துக்கொள்கிறான். தாய் சொன்ன கதை. அப்பா ஒரு கொலைகாரனின் தலை வெட்டப்படுவதைப் பார்க்கப் போனார், வந்து வாந்தியெடுத்தார். சிறுவயதில் அப்பாவை நினைத்து அவனுக்குச் சற்று அருவருப்பாக இருந்தது. தானே தண்டனைக்கு உள்ளான பிறகு அது இயல்பாகப் படுகிறது. இங்கே கொலைகாரன் வெறும் கொலைகாரன். அவன் யாரைக் கொன்றான், எப்படிக் கொன்றான் என்பதற்கு இடமில்லை.

1957 கட்டுரையில் வரிசையே மாறிவிடுகிறது. முதலில் குற்றம் வருகிறது. ஒரு விவசாயக் குடும்பத்தை, குழந்தைகளோடு சேர்த்து, அங்கே வேலைபார்த்த கூலியாள் கொன்று திருடவும் செய்திருக்கிறான். கில்லட்டின் இவனுக்குப் போதாத தண்டனை என்று ஊரே பேசியது. காம்யுவின் தகப்பனாரும் அப்படித்தான் நினைத்தார். குழந்தைகள் கொல்லப்பட்டதில் அவருக்கு ஏற்பட்ட ஆத்திரமே அவரை அங்கே போகவைத்தது. ஆக, வாந்தியெடுத்தவர் மென்மையான மனசுக்காரர் அல்ல, தண்டனையை ஆதரித்தவர். அவரது மனம் வாதத்தால் மாறவில்லை. அவர் பார்த்தார், அவ்வளவுதான்.

'முதல் மனித'னில் குற்றத்தின் கோரம் இன்னும் விவரமாக வருகிறது. அதோடு ஒன்று சேர்கிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகனுக்கு ஆயுள் முழுக்க ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது. கொலைக்களத்துக்கு இட்டுச்செல்லப்படுவது அவனே.

குற்றம் இல்லாத தண்டனை, குற்றத்தோடு கூடிய தண்டனை, இரண்டையும் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டவனின் தூக்கம் – மூன்று பிரதிகளும் போகும் திசை இது. மரண தண்டனையை எதிர்க்கும் எழுத்துகளை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த எழுத்து குற்றத்தைப் பார்க்கிறதா? தண்டனையைப் பார்க்கிறதா? ஒன்றைப் பார்ப்பதற்காக மற்றதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா?

2

ஹ்யூகோ முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொன்னால் அநியாயமாகத் தோன்றும். 1829-ல், இருபத்தாறு வயதில், பெயர் போடாமல் அவர் வெளியிட்ட 'தண்டிக்கப்பட்டவனின் கடைசி நாள்' இந்த வகையில் முதல் பெரிய எழுத்து. 1848 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, நிபந்தனை எதுவுமின்றி மரண தண்டனையை ஒழிக்கக் கேட்டவர் அவர். 1867-ல் போர்ச்சுகல் சிவில் குற்றங்களுக்கு அதை ஒழித்தபோது வாழ்த்துக் கடிதம் எழுதியவர். வாழ்நாள் முழுதும் ஒரே நிலையில் நின்றவரை நான் குறைசொல்ல வரவில்லை. அந்த நூலின் அமைப்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கதை முழுக்கத் தண்டிக்கப்பட்டவனின் குரலில் நடக்கிறது. அறை, சங்கிலி, பாதிரியார், அப்பனை அடையாளம் தெரியாத சின்ன மகள் எல்லாம் வருகின்றன. அவன் என்ன செய்தான் என்பது மட்டும் வருவதில்லை. 'என் கதை' என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே, அந்தப் பக்கங்கள் அகப்படவில்லை என்று பதிப்பாளர் குறிப்பு நிற்கிறது. ஹ்யூகோ இதைத் தெரிந்தே செய்தார். எந்தக் குற்றவாளிக்கும், எந்தக் குற்றத்துக்கும் பொருந்தும் பொதுவான வாதமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தற்செயலானதையும் தனிப்பட்டதையும் வெட்டியெறிந்தேன் என்ற பொருளில், 1832-ல் சேர்த்த முன்னுரையில் அவரே சொல்கிறார்.

வக்கீலுக்கு இது சரியான உத்தி. இலக்கியத்துக்குச் சரியா? காணாமற்போன அந்தப் பக்கங்களில் ஒரு பிணம் கிடக்கிறது. அதை வாசகன் பார்த்துவிட்டால் தன் பாத்திரத்தின் மேல் அவனுக்குள்ள இரக்கம் போய்விடுமோ என்று ஆசிரியர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது என்பதுதான் விஷயம். குற்றத்தைக் கண்டதும் கரைந்துபோகும் இரக்கம், குற்றத்தை மட்டுமே பார்க்கும் அரசு வக்கீலிடம் என்றாவது தோற்றே தீரும். ஹ்யூகோவின் வாசகன் புத்தகத்தை மூடிவிட்டு நீதிமன்றத்துக்குப் போகட்டும். அங்கே முதலில் படிக்கப்படுவது அந்தக் காணாமற்போன அத்தியாயம்தான்.

ஆர்வெல்லின் 'ஒரு தூக்கு' (1931) மேலோட்டமாகப் பார்த்தால் இதே காரியத்தைச் செய்கிறது. பர்மாச் சிறையில் தூக்கிலிடப்படும் அந்த இந்து என்ன குற்றம் செய்தான் என்று சொல்லப்படுவதில்லை. தூக்குமேடைக்கு நடக்கும்போது அவன் வழியில் தேங்கிய தண்ணீரை மிதிக்காமல் ஒதுங்கி நடப்பதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடைசிக் காட்சி. காரியம் முடிந்ததும் அதிகாரிகள், சிப்பந்திகள், வெள்ளையர், உள்ளூர்க்காரர் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள், விஸ்கி குடிக்கிறார்கள். பிணம் சற்றுத் தள்ளித் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். கைதியின் குற்றம் அங்கே சொல்லப்படாததற்குக் காரணம் இரக்கத்தைக் காப்பாற்றுவதல்ல. அந்த இயந்திரத்தில் வேலை செய்கிறவனுக்குக் கைதியின் குற்றம் ஒரு பொருட்டே அல்ல. எட்டு மணிக்குள் முடிய வேண்டிய ஒரு வேலை அவன். ஆர்வெல் எழுதியது தூக்கிலிட்டவர்களைப் பற்றி. அதனால் அவருக்கு அந்த மௌனம் பொருந்துகிறது. ஹ்யூகோவுக்குப் பொருந்தவில்லை.

3

இதற்கு நேரெதிரான திருப்பலும் உண்டு. 1870 ஜனவரியில் பாரிஸில், ஒரே குடும்பத்தில் எட்டுப் பேரைக் கொன்ற ட்ரோப்மன் என்ற இளைஞனின் தலை வெட்டப்பட்டது. அழைக்கப்பட்ட விருந்தினராகத் துர்கனேவ் அங்கே இருந்தார். முந்தின இரவு முழுவதையும் அவர் எழுதியிருக்கிறார்: சிறை அதிகாரியின் வீடு, வெளியே கூடும் ஜனங்களின் இரைச்சல், கைதியின் சட்டைக் கழுத்தைக் கத்தரிப்பது. மிகச் சுத்தமான எழுத்து. ஆனால் கத்தி விழும் கணத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொண்டேன் என்று அவரே எழுதுகிறார்.

டாஸ்டாவ்ஸ்கிக்கு இதைப் படித்ததும் வந்த கோபம் பிரசித்தம். பூமியில் நடப்பதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள இங்கே வாழும் மனிதனுக்கு உரிமை இல்லை என்ற கருத்தில் அதே வருஷம் ஒரு கடிதம் எழுதினார். அவருக்குத் துர்கனேவிடம் சொந்தப் பகையும் இருந்தது உண்மை. ஆனால் இந்த விஷயத்தில் பேசும் தகுதி அவருக்குப் போல வேறு யாருக்கும் இல்லை. 1849 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் சுடப்படுவதற்காக நிறுத்தப்பட்டு, கடைசி நிமிஷத்தில் அது ஜாரின் நாடகம் என்று தெரிவிக்கப்பட்டவர் அவர். 'அசட'னில் மிஷ்கின், லியோன் நகரில் தான் பார்த்த சிரச்சேதத்தைப் பற்றிப் பேசுவது ஒரு பிரபு வீட்டின் முன்கூடத்தில், அந்த வீட்டு வேலைக்காரனிடம். வலியல்ல கொடுமை, இன்னும் சற்று நேரத்தில் நிச்சயம் சாவேன் என்ற அறிவுதான் கொடுமை என்கிறான். கொள்ளைக்காரனின் கத்திக்கு முன்னால்கூடத் தப்பிவிடலாம் என்ற நினைப்பு கடைசிவரை இருக்கும். தீர்ப்பு அதையும் எடுத்துவிடுகிறது.

துர்கனேவைத் தனி மனிதராக நான் மன்னித்துவிடுவேன். அந்த இடத்தில் நானும் கண்ணை மூடியிருப்பேன். ஆனால் அவர் ஒரு கணம் செய்ததை அரசுகள் நூற்றாண்டுக் கணக்கில் ஏற்பாடாகவே செய்துவந்தன. இங்கிலாந்து 1868-ல் தூக்கைச் சிறை மதிலுக்குள் கொண்டுபோயிற்று. பிரான்ஸில் 1939 ஜூனில் வெர்ஸேயில் நடந்ததே கடைசிப் பகிரங்கச் சிரச்சேதம். கூட்டம் நடந்துகொண்ட விதம் அசிங்கமாக இருந்தது, படங்கள் வெளியாயின, உடனே அரசு கில்லட்டினைச் சிறை முற்றத்துக்குள் வைத்துக்கொண்டது. காம்யு இங்கேதான் பிடிக்கிறார். இது மற்றவர்களை அச்சுறுத்தத்தான் என்கிறீர்களே, அப்படியானால் ஏன் ஒளித்துவைக்கிறீர்கள்? அச்சுறுத்தும் என்று உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் சந்தையில் வைத்து வெட்டுங்கள், தொலைக்காட்சியில் காட்டுங்கள். அதைச் செய்ய மனமில்லையென்றால் அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். இது கிண்டல் அல்ல. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியில் விரலை வைப்பது.

இதில் கவனிக்க வேண்டியது பாஷை. பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் ஒளிவுமறைவின்றித்தான் பேசிற்று. மரண தண்டனை பெற்றவனின் தலை வெட்டப்படும் என்ற ஒரே வாக்கியம். பத்திரிகைகள்தான் 'சமூகத்துக்குப் பட்ட கடனைத் தீர்த்தான்', 'நீதி நிறைவேறியது' என்று எழுதின. சட்டம் சொல்வதைக் காதால் கேட்கத் தைரியமில்லாத சமூகம் இடையில் ஒரு திரைபோட்டுக்கொள்கிறது. நம் பத்திரிகைகள் 'தண்டனை நிறைவேற்றப்பட்டது' என்று எழுதும் வாக்கியத்தையும் ஒருதரம் நின்று பாருங்கள். செயப்பாட்டு வினை. நிறைவேற்றியவர் யார்? வாக்கியத்தில் இல்லை.

4

குற்றத்தையும் தண்டனையையும் ஒரே கண்ணால் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியது எழுத்தல்ல, ஒரு சினிமா. கீஸ்லோவ்ஸ்கியின் 'கொலை பற்றிய சிறு படம்' 1988-ல் வெளிவந்தது. ஓர் இளைஞன் காரணமே இல்லாமல் ஒரு டாக்சி டிரைவரைக் கொல்கிறான். அந்தக் கொலை சீக்கிரம் முடிவதில்லை. கயிறு, தடி, பாறாங்கல் என்று நிமிஷக்கணக்கில் நீள்கிறது. கொல்லப்படுகிறவன் நல்லவனும் அல்ல; ஆனாலும் அவனுடைய சாவு தாங்க முடியாததாக இருக்கிறது. கொன்றவன் மேல் நமக்கு எந்த அனுதாபமும் மிஞ்சாதபடி டைரக்டர் பார்த்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் தூக்கு. கயிற்றைச் சரிபார்க்கிறார்கள். கழிவு விழ, அடியில் ஒரு தட்டு வைக்கிறார்கள். இதுவும் அதே மாதிரி ஒரு கொலை, இதைச் செய்கிறவர்கள் மட்டும் சீருடையில் இருக்கிறார்கள் என்பது எந்த வசனமும் இல்லாமல் தெரிகிறது. குற்றத்தைப் பார்த்ததால் தண்டனை நியாயமாகிவிடவில்லை. தண்டனையைப் பார்த்ததால் குற்றம் லேசாகிவிடவும் இல்லை. போலந்தில் கடைசித் தூக்கு அதே 1988 ஏப்ரலில் நடந்தது. 1997-ல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் மரண தண்டனை இல்லை.

படம் சட்டத்தை மாற்றியது என்று நான் சொல்லவில்லை. இலக்கியமும் கலையும் சட்டத்தை மாற்றிவிட்டன என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்தமான கற்பனை. காம்யுவின் கட்டுரை வெளிவந்து இருபது வருஷம் கில்லட்டின் வேலை செய்தது. ஆனால் பிரான்ஸின் முடிவு நெருங்கிய விதத்தில் மேலே சொன்ன அளவுகோலுக்கு ஒரு சாட்சியம் இருக்கிறது. ரொபேர் பதாந்தேர் என்ற வக்கீலின் இரண்டு வழக்குகள் அவை. இரண்டும் த்ருவா என்ற அதே ஊரில் நடந்தன.

1972-ல் அவருடைய கட்சிக்காரன், சிறையில் பிணையாகப் பிடிக்கப்பட்ட இருவர் கொல்லப்பட்ட வழக்கில் உடந்தை. அவன் தன் கையால் கொல்லவில்லை என்பதை ஜூரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் மரண தண்டனை. அந்த வருஷம் நவம்பரில், கொன்றவனோடு சேர்த்து அவன் தலையையும் வெட்டினார்கள். பதாந்தேர் அங்கே நின்று பார்த்தார். 1977 ஜனவரியில் இரண்டாவது வழக்கு. ஒரு சிறுவனைக் கடத்திப் பணம் கேட்டுக் கொன்றவன். குற்றத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. நாடே அவன் தலையைக் கேட்டது. இங்கே பதாந்தேர் ஆளை நல்லவனாக்க முயலவில்லை. ஓர் உயிருள்ள மனிதனை இரண்டு துண்டாக வெட்டுவது என்றால் என்ன என்பதை ஜூரிகளின் முன் வைத்தார். ஆயுள் தண்டனைதான் கிடைத்தது.

கொல்லாதவனைக் காப்பாற்ற முடியாத அதே மனிதர் கொன்றவனைக் காப்பாற்றினார். முதல் வழக்கில் கேள்வி 'இவன் செய்தானா?' என்பது. இரண்டாவதில் 'நாம் செய்யலாமா?' என்பது. இதன் பின்னும் அந்த 1977-லேயே இன்னும் இருவர் தலை போயிற்று. செப்டம்பரில் மார்சேயில் நடந்ததே கடைசி. 1981-ல் மித்தரான் ஜனாதிபதியானார். பதாந்தேர் நீதி அமைச்சராகி மசோதாவைக் கொண்டுவந்தார். தேசிய சபையில் 363 பேர் ஆதரவு, 117 பேர் எதிர்ப்பு. அக்டோபர் 9-ல் சட்டமாயிற்று. ஜனங்களில் பெரும்பான்மையோர் அப்போதும் தண்டனையை ஆதரித்தார்கள் என்று கருத்துக் கணிப்புகள் கூறின. 2007-ல் அரசியல் சாசனத்திலேயே தடை ஏறிவிட்டது. பதாந்தேர் 2024-ல் காலமானார்.

காம்யுவுக்கும் இப்படி ஒரு சோதனை வந்திருந்தது. விடுதலைக்குப் பின், ஜெர்மானியருக்குத் துணைபோனவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று கடுமையாக எழுதியவர் அவர். மன்னிப்புப் பேசிய மோரியாக்கை எதிர்த்தவர். 1945 ஜனவரியில், யூத வெறுப்பை எழுதிக் குவித்த ப்ரஸியாக் என்ற எழுத்தாளருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கருணை கேட்கும் மனுவில் காம்யு கையெழுத்திட்டார். அந்த ஆளை அவர் வெறுத்தார். நண்பர்களைப் பறிகொடுத்திருந்தார். கையெழுத்து அந்த ஆளுக்காக அல்ல. மனு ஏற்கப்படாமல் பிப்ரவரி 6-ல் ப்ரஸியாக் சுடப்பட்டார். அந்த விவாதத்தில் மோரியாக் பக்கமே நியாயம் இருந்தது என்று காம்யு பின்னர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 1957 கட்டுரையில் குற்றம் முதலில் வருவதன் பின்னால் இந்தக் கையெழுத்து இருக்கிறது என்று நினைக்கிறேன்.

5

இன்று நாடுகளின் நிலையைக் கணக்கிடுகிறவர்கள் நாலு கட்டம் போடுகிறார்கள். எல்லாக் குற்றங்களுக்கும் ஒழித்தவை; சாதாரணக் குற்றங்களுக்கு மட்டும் ஒழித்தவை; சட்டத்தில் வைத்துக்கொண்டு நடைமுறையில் கைவிட்டவை; வைத்திருப்பவை. முதல் கட்டத்தில் 2024 முடிவில் 113 நாடுகள். அதில் முதலாவதாக 1863-ல் நுழைந்தது வெனிசுவேலா.

எனக்கு ஆர்வமூட்டுவது மூன்றாவது கட்டம். இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் நீதிபதிகள் மரண தண்டனை விதிப்பது நிற்கவில்லை. தூக்குமரமும் சட்டத்தில் இருக்கிறது. இதை நாகரிகத்தின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்ளலாம். பர்மாவும் பல காலம் இந்தக் கட்டத்தில்தான் இருந்தது. முப்பது வருஷங்களுக்கு மேல் அங்கே நீதிமன்றத் தீர்ப்பின்படி யாரும் கொல்லப்படவில்லை. 2022 ஜூலையில் ராணுவ ஆட்சி நாலு பேரைக் கொன்றதாக அறிவித்தது. ஒருவர் ஹிப்-ஹாப் பாடகராயிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானவர். இன்னொருவர் 1988 மாணவர் எழுச்சியிலிருந்து அறியப்பட்டவர், எழுதுகிறவர். ஆர்வெல்லின் தூக்குமேடை தொண்ணூறு வருஷம் கழித்து மறுபடி வேலைக்கு வந்தது. உபயோகிக்காமல் பெட்டியில் வைத்த கத்தி துருப்பிடித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில். ஒழிக்காமல் மறந்துவிடுவதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் ஒரு வகைதான்.

6

நம் நாடு நாலாவது கட்டத்தில் இருக்கிறது. இங்கே சட்டத்தின் வாக்கியம் ஒருதரம் தலைகீழாகியிருக்கிறது. 1955 வரை, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் நீதிபதி அதை விதிக்காமல் விட்டால் ஏன் விட்டார் என்று காரணம் எழுத வேண்டும். 1973 நடைமுறைச் சட்டத்தின்படி, விதித்தால் ஏன் விதித்தார் என்று விசேஷக் காரணம் எழுத வேண்டும். விளக்கம் சொல்ல வேண்டியது இரக்கமல்ல, கொலைதான் என்றாயிற்று. இது பெரிய மாற்றம். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை செல்லும் என்றது. ஆனால் 'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டுமே என்று வரம்பு கட்டியது. நாலு நீதிபதிகள் ஒரு பக்கம், பகவதி தனியே.

'அரிதினும் அரிது' என்பது விமர்சகன் உபயோகிக்கும் வார்த்தை. ஒரு கவிதையை அப்படிச் சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் எவ்வளவு திணறுகிறோம் என்பது நமக்குத் தெரியும். நம் திணறலில் ஒரு கவிஞன் மனம் நோவான், அதற்குமேல் ஒன்றுமில்லை. அங்கே? 1982-ல் அதே நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு, மூன்று பேருக்கும் சமமான பங்கு. ஒருவன் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டுவிட்டான். இன்னொருவனுக்கு அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு ஆயுளாகக் குறைத்திருந்தது. மூன்றாமவன் மயிரிழையில் நின்றுகொண்டிருந்தான். பகவதியின் மாறுபட்ட தீர்ப்பு அதே 1982-ல் வந்தது. யார் சாவது என்பது எந்த நீதிபதிகள் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது என்ற அவர் வாதத்துக்கு அந்த மூவரே போதும். 2015-ல் சட்ட ஆணையம், பயங்கரவாதம் தவிர மற்றவற்றுக்கு ஒழிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை இருக்கிறது. சாகும்வரை கழுத்தில் தூக்கிலிட வேண்டும் என்ற வாக்கியம் 2023-ன் புதிய நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது.

இப்போது நம்மைப் பற்றி. 2011 ஆகஸ்டில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரைத் தூக்கிலிட நாள் குறித்தார்கள். தமிழ்நாடு கொந்தளித்தது. சட்டசபை தீர்மானம் போட்டது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்துக்காக 2014-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. 2011-ன் அந்த வாரங்களில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதற்காக வருந்தவில்லை. ஆனால் அன்று நான் பேசியதும் கேட்டதும் பெரும்பாலும் அவர்கள் குற்றமற்றவர்கள், அவர்கள் நம்மவர்கள் என்பதுதான். கொல்லப்பட்டவர்களைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அந்தக் குண்டில் செத்த மற்றவர்களைப் பற்றியும் பேசவில்லை. ஹ்யூகோவின் காணாமற்போன அத்தியாயம்.

2020 மார்ச் 20 விடியற்காலையில் தில்லித் திகார் சிறையில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். 2012-ல் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு அவர்கள் செய்தது யாராலும் படித்து முடிக்க முடியாதது. சிறை வாசலில் கூட்டம், இனிப்பு. அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. கேட்டு யாரும் வரவும் இல்லை. செய்தியைப் படித்தேன், தாளை மடித்து வைத்தேன். 2011-ல் என்னிடம் இருந்தது கொள்கை அல்ல என்று அன்றுதான் தெரிந்தது.

இது என் தனிப்பட்ட கோழைத்தனம் மட்டுமென்று தோன்றவில்லை. நம் மரபிலேயே ஒரு பழக்கம் இருக்கிறது. கொடியவரைக் கொல்வது பயிருக்குக் களையெடுப்பது போல என்று குறளின் செங்கோன்மை சொல்லிவிட்டது. மறுபக்கம் சிலப்பதிகாரம். உலக இலக்கியத்தில் ஓர் அரசின் கொலைக்கு எதிராக எழுந்த குரல்களில் அதற்கு இணையானவை குறைவு. இளங்கோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. காவலர்களின் தயக்கத்தையும், குடிவெறியில் ஒருவன் வாளை வீசுவதையும், மண்ணில் பாயும் குருதியையும் நேராகவே பார்க்கிறார். ஆனால் அந்த நீதி முழுவதும் ஒரு பரலின் மேல் நிற்கிறது. சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. அரசன் உயிரை விட்டான், மதுரை எரிந்தது. முத்து தெறித்திருந்தால்?

முத்து தெறித்திருந்தால் காப்பியம் இல்லை. கோவலன் திருடன். அரசன் சிங்காதனத்தில் நேராக உட்கார்ந்திருப்பான். அவன் குற்றம் விசாரிக்காதது, கொன்றது அல்ல. ஒரு சிலம்பைத் திருடியதற்குத் தலையை எடுப்பது தகுமா என்று கண்ணகி கேட்கவில்லை. கேட்க அவளுக்கு அவசியமும் இல்லை, அவள் புருஷன் திருடவில்லை. அந்தக் கேள்வி நமக்கு மிச்சமிருக்கிறது.

நம்மிடம் சி. ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்' இருக்கிறது. தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவரே எழுதிய சாட்சியம். அதற்கு உரிய கவனத்தை நாம் கொடுக்கவில்லை. ஆனால் நான் தேடுவது வேறொன்று. உண்மையாகவே கொன்றவன், செத்தவரின் தாய் எதிரில் நிற்கிறாள், அவள் அழுகையை ஆசிரியர் குறைக்கவில்லை. அதற்குப் பிறகும் கயிற்றைப் பார்த்து வேண்டாம் என்று நம்மைச் சொல்லவைக்கிற ஒரு தமிழ்க் கதை. நான் படித்த வரையில் அது இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டால் சட்டம் மாறும் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த நால்வரின் செய்தி வரும்போது, தாளை மடித்து வைப்பது இவ்வளவு சுலபமாக இருக்காது.